ஜெயிலுக்குள் எதற்குக் கல்லூரி என்று கேட்டவர்களுக்கு

செவ்வாய்க்கிழமை நம் கவுண்டிக் (அமெரிக்காவில் மாவட்டம் மாதிரியான உள்ளாட்சி) கூட்டத்தில் நடந்ததைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். முடியவில்லை. உள்ளூர் மக்களுக்கான இரண்டு வருடக் கல்லூரியான கம்யூனிட்டி காலேஜ்காரர்கள் நம் கவுண்டி ஜெயிலுக்குள் வகுப்பு நடத்த முன்வந்தார்கள், அதைத் தள்ளிவைத்துவிட்டார்கள். சரி, கூட்டம் என்றால் அப்படித்தான். ஆனால் தள்ளிவைத்ததற்குக் கை தட்டினீர்களே, அதைத்தான் தாங்க முடியவில்லை. அன்று இரவே நம் தமிழர் வாட்ஸ்அப் குழுவில் "திருடனுக்கு டிகிரி ஒன்றுதான் குறைச்சல்" என்று ஒருவர் எழுத, அதற்குக் கீழே வரிசையாகச் சிரிப்புகள்.

திருடன் என்று யார் தீர்ப்புச் சொன்னது? கவுண்டி ஜெயில் வேறு, மாநிலச் சிறை வேறு. நீண்ட தண்டனை பெற்றவர்கள் மாநிலச் சிறைக்குப் போய்விடுவார்கள். அமெரிக்காவின் உள்ளூர் ஜெயில்களில் 2023 கணக்குப்படி எந்த நாளிலும் சுமார் 6,60,000 பேர் இருந்தார்கள். அவர்களில் 10 பேருக்கு 7 பேர் மீது குற்றம் நிரூபிக்கப்படவில்லை. வழக்கு முடியவில்லை, அவ்வளவுதான். பலருக்குப் பெயில் கட்டக் காசில்லை. காசிருந்தால் அதே ஆள் அதே வழக்கோடு வீட்டில் உட்கார்ந்திருப்பார், யாரும் அவரைப் படிக்கக் கூடாது என்று சொல்ல மாட்டார்கள்.

கலீஃப் பிரவுடரை மறந்துவிட்டோமா? பையைத் திருடினான் என்று 2010இல் பிடித்தபோது அவனுக்கு 16 வயது. பெயில் 3,000 டாலர், வீட்டில் இல்லை. நியூயார்க்கின் ரைக்கர்ஸ் தீவு ஜெயிலில் மூன்று வருடம், அதில் பெரும்பகுதி தனிக்கொட்டடி. விசாரணையே நடக்கவில்லை. கடைசியில் வழக்கைக் கைவிட்டு அனுப்பினார்கள். வெளியே வந்தவன் தேடிப்போனது பிராங்க்ஸ் கம்யூனிட்டி காலேஜை. 2015இல் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டான். அந்தப் பையனும் உங்கள் கணக்கில் திருடன்தான். குற்றம் நிரூபிக்கப்படவில்லை என்பதை எத்தனை முறை சொன்னால் காதில் விழும்?

நான் அந்த ஜெயிலுக்குள் போயிருக்கிறேன். பள்ளிப் படிப்பை முடிக்காதவர்கள் அதற்கு ஈடாக எழுதும் ஜி.இ.டி. தேர்வுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கத் தன்னார்வலராகப் போனேன். தாள்களில் ஸ்டேபிள் பின் இருக்கக் கூடாது, விரல் நீளம்கூட இல்லாத பென்சில்தான், இணையம் கிடையாது. என் வகுப்பில் இருந்த ஒருவருக்குப் பின்னம் என்றாலே பயம். பள்ளியில் அந்தப் பாடம் வந்தபோதே கைவிட்டுவிட்டாராம். அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்ட வந்த அன்று, அந்தத் தாளைத் தன் மகளுக்கு அனுப்பலாமா என்று கேட்டார். அடுத்த வாரம் அவர் இல்லை. வேறு இடத்துக்கு மாற்றினார்களா, விட்டுவிட்டார்களா, யாரும் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டார்கள்.

அதனால்தான், "ஒரு மாதம்கூட இருக்காதவனுக்கு என்ன படிப்பு" என்ற கேள்வியை மட்டும் நான் நியாயமாக எடுத்துக்கொள்கிறேன். உள்ளூர் ஜெயிலில் சராசரியாக ஒரு மாதம் போலத்தான் இருக்கிறார்கள். முழு செமஸ்டர் பாடம் அங்கே நடக்காது. நாலைந்து வாரத்தில் முடிகிற சிறு பாடம் நடக்கும். வெளியே வந்ததும் அதே காலேஜில், அதே மதிப்பெண்ணோடு தொடரலாம். காலேஜ் இதே ஊரில் இருக்கிறது, அவரும் இதே ஊர்க்காரர். மாநிலச் சிறையில் இருப்பவருக்கு இல்லாத வசதி இது. தீர்மானத்தில் இதெல்லாம் எழுதியிருந்தது. படித்துவிட்டா கை தட்டினீர்கள்?

"என் பெண் கடன் வாங்கிப் படிக்கிறாள், இவனுக்கு இலவசமா?" என்று ஒரு அண்ணன் எழுதியிருக்கிறார். அண்ணா, நீங்கள் இலவசம் என்பது பெல் உதவித்தொகை, கல்லூரிப் படிப்புக்கு மத்திய அரசு குடும்ப வருமானத்தைப் பார்த்துக் கொடுப்பது. தகுதியுள்ள ஒருவருக்குக் கொடுப்பதால் தகுதியுள்ள இன்னொருவருக்குக் குறையாது. 1994 சட்டம் மத்திய, மாநிலச் சிறைகளில் இருந்தவர்களுக்கு இதை நிறுத்தியது. நிறுத்துவதற்கு முன்பும் அவர்களுக்குப் போனது மொத்தத்தில் 1 சதவீதத்துக்கும் குறைவு. கவுண்டி ஜெயில்களோ அந்தத் தடையிலேயே இல்லை. 2023 ஜூலையில் சிறைகளுக்கும் திரும்பத் திறந்துவிட்டார்கள். உங்கள் பெண்ணின் கடன் எனக்கும் வேதனைதான், ஆனால் அது ஜெயிலில் இருப்பவர் ஏற்றிய கடன் இல்லை.

வரிப்பணம் என்பவர்களுக்கு: ராண்ட் என்ற ஆய்வு நிறுவனம் 2013இல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. சிறையில் படித்தவர்கள் திரும்ப உள்ளே வரும் வாய்ப்பு 43 சதவீதம் குறைவு. படிப்புக்குப் போடும் ஒவ்வொரு டாலருக்கும், மறுபடி அடைத்து வைக்கும் செலவில் நாலைந்து டாலர் மிச்சம். குற்றங்களால் பாதிக்கப்பட்டவர்களை மறந்தாயா என்றும் கேட்டார்கள். இல்லை, மறக்கவில்லை. இன்னொருவர் பாதிக்கப்படக் கூடாது என்றுதான் பேசுகிறேன்.

எனக்கு வலிப்பது வேறு. படிப்பு இல்லாவிட்டால் நம்மில் எத்தனை பேர் இந்த நாட்டு விமான நிலையத்தைப் பார்த்திருப்போம்? சோற்றைக் குறைத்து ஃபீஸ் கட்டிய அப்பாக்களின் பிள்ளைகள் நாம். பிள்ளைக்கு ஒரு மதிப்பெண் குறைந்தால் தூங்காத நமக்கு, இன்னொருவர் புத்தகத்தைத் தொடுவது ஏன் இவ்வளவு எரிச்சலாக இருக்கிறது?

இதைக் குழுவில் எழுதியதற்கு, பல வருடமாக என் வீட்டில் கை நனைத்த ஒருவர் தனியாகக் கேட்டார்: "உனக்கு உள்ளே யாராவது சொந்தக்காரர் இருக்கிறார்களா?" அதற்குப் பதில் எழுதவில்லை, கை நடுங்கியது. இங்கே சொல்கிறேன். இல்லை. இருந்திருந்தாலும் மறைத்திருக்க மாட்டேன்.

அடுத்த கூட்டத்தில் பேசப் பெயர் கொடுத்திருக்கிறேன். எதிர்ப்பவர்கள் அங்கே வந்து, எழுந்து நின்று, காரணத்தை மைக்கில் சொல்லுங்கள். தனியாக மெசேஜ் அனுப்ப வேண்டாம்.