பண்ணையை ஊர் வாங்கட்டும், மண் உழவரிடமே இருக்கட்டும்

மாசச்சூசெட்ஸ் ஊர்களில் பழைய பண்ணை ஒன்று விலைக்கு வருகிறது என்று பேச்சு கிளம்பினாலே ஊர் இரண்டு பட்டுவிடுகிறது. "எப்படியாவது வாங்கிக் காப்பாற்றுங்கள்" என்கிறது ஒரு தரப்பு. "யாருடைய வயலுக்கோ என் வரிப்பணம் ஏன்?" என்கிறது இன்னொரு தரப்பு. நான் வாங்கச் சொல்லும் கட்சி. ஆனால் நிலத்தை ஊரே வைத்துக்கொள்ள வேண்டியதில்லை. அதில் வீடு கட்டும் உரிமைக்கு மட்டும் விலை கொடுத்து நிரந்தரமாக முடக்கிவிட்டு, மண்ணை உழவர் ஒருவரிடம் விடுவதுதான் பெரும்பாலும் சரி.

முதலில் சட்டம். ஐந்து ஏக்கருக்குக் குறையாத விளைநிலத்தை, பண்ணை நிலத்துக்கான மாநில வரிச்சட்டமான சாப்டர் 61ஏ-யில் பதிந்துகொண்டால், மனை விலைக்கு அல்ல, விளைச்சல் மதிப்புக்குத்தான் வரி. இந்தச் சலுகைக்கு ஈடாக, வீடு கட்டுவதற்காக அந்த நிலத்தை விற்கும்போது முதலில் வாங்கும் உரிமை ஊருக்கு வருகிறது. உரிமையாளர் பதிவுத்தபாலில் அறிவிப்பு அனுப்பியதும் 120 நாள் ஓடத் தொடங்கும். பில்டர் தர முன்வந்த விலையை ஊர் அப்படியே கொடுக்க வேண்டும், பேரம் கிடையாது. அறிவிப்பில் குறை இருந்தால் 30 நாளுக்குள் சொல்லிவிட வேண்டும். பலர் கவனிக்காத வழி ஒன்றும் உண்டு: பொது விசாரணை நடத்தி, அந்த உரிமையை லாபநோக்கற்ற நிலப் பாதுகாப்பு அறக்கட்டளை ஒன்றுக்கு ஊர் மாற்றிக் கொடுக்கலாம்.

120 நாள் தாராளம் போலத் தோன்றும். உரிமையைப் பயன்படுத்த முடிவெடுப்பது ஊரின் நிர்வாகக் குழுவான செலக்ட் போர்டு, பணம் ஒதுக்குவது வாக்காளர்கள் கூடும் ஊர்க்கூட்டம். சிறப்புக் கூட்டத்துக்கு 14 நாள் முன்பே அறிவிப்பு ஒட்ட வேண்டும். திறந்தவெளி, வீடு போன்றவற்றுக்கென ஊர் தனியாக வைத்திருக்கும் கம்யூனிட்டி பிரிசர்வேஷன் நிதியைத் தொட வேண்டுமானால் அதன் குழு முதலில் பரிந்துரைக்க வேண்டும். அந்தப் பரிந்துரைக்கு மேல் ஒரு டாலர்கூடக் கூட்டத்தால் ஒதுக்க முடியாது. கையிருப்பிலிருந்து எடுக்கச் சாதாரணப் பெரும்பான்மை போதும். கடன் என்றால் மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வேண்டும். அந்தக் கடனுக்கான வரி, ஊரின் சொத்துவரிக்கு மாநிலம் விதித்த இரண்டரை சதவீத உச்சவரம்புக்கு வெளியே போனால் தனியாக வாக்குச்சீட்டுத் தேர்தலும் உண்டு. இதற்கிடையே விலை மதிப்பீடு, வில்லங்கம், சர்வே, மண் பரிசோதனை. அறிவிப்பு வந்த பிறகு யோசிக்கத் தொடங்கும் ஊர் தோற்பது இதனால்தான்.

அறக்கட்டளை வழி எப்படி நடக்கும்? விளக்கத்துக்காக ஒரு கணக்கு. 40 ஏக்கருக்கு பில்டர் 20 லட்சம் டாலர் தர முன்வந்திருக்கிறார். வெறும் விளைநிலமாக அதன் மதிப்பு 4 லட்சம். ஊரிடமிருந்து உரிமையைப் பெற்ற அறக்கட்டளை 20 லட்சத்துக்கு வாங்குகிறது. இடைப்பட்ட 16 லட்சம்தான் கட்டும் உரிமையின் விலை. அதை ஊரின் நிதியும், மாநிலத்தின் விளைநிலப் பாதுகாப்புத் திட்டமான ஏ.பி.ஆரும், நன்கொடைகளும் சேர்ந்து கொடுக்கின்றன. வீடு கட்டக்கூடாது என்ற கட்டுப்பாடு பத்திரத்தில் ஏறிய பிறகு, நிலம் 4 லட்சத்துக்கு உழவருக்குப் போகிறது. ஊரே முழுதும் வாங்குவதைவிடக் குறைந்தது 4 லட்சம் மிச்சம், நிலத்துக்கு வரியும் தொடர்ந்து வரும்.

ஊரே வைத்துக்கொண்டால் என்ன கெடும்? நியூ இங்கிலாந்து வயலை உழாமலும் அறுக்காமலும் விட்டால் சில ஆண்டுகளில் ஓரியண்டல் பிட்டர்ஸ்வீட் கொடியும் மல்ட்டிஃப்ளோரா ரோஜாவும் ஆட்டம் ஆலிவ் புதரும் ஓரத்திலிருந்து உள்ளே ஏறிவிடும். பிரிசர்வேஷன் நிதியை நிலம் வாங்கச் செலவழிக்கலாம், பராமரிப்புக்குச் செலவழிக்கச் சட்டம் விடாது. ஆகவே வாங்கிய மறு ஆண்டே புல் வெட்டும் செலவு பொது பட்ஜெட்டில் பள்ளியோடும் சாலையோடும் போட்டி போடும். குத்தகைக்கு விடலாமே என்றால், ஓராண்டுக் குத்தகைக்காரர் மண்ணில் பணம் போட மாட்டார். இங்குள்ள மண் அமிலத்தன்மை கொண்டது, சுண்ணாம்பு போட்டால் பலன் தெரிய மாதங்கள் ஆகும். அடுத்த ஆண்டு நிலம் கையில் இருக்குமா என்று தெரியாதவர் சுண்ணாம்பும் கம்போஸ்ட்டும் ஏன் கொட்டப் போகிறார்? குத்தகைதான் வழி என்றால் குறைந்தது ஐந்தாண்டு கொடுங்கள்.

பத்திரத்தின் வாசகத்தில்தான் எனக்கு மிகுந்த கவலை. "எந்தக் கட்டடமும் கூடாது" என்று எழுதிவிட்டால் பசுமைக்குடில், கொட்டகை, காய்கறிக் கடை எதுவும் போட முடியாது. அப்படிப்பட்ட நிலத்தில் யாரும் பிழைக்க முடியாது. சாலையோரம் ஓர் இடத்தை அளந்து கட்டட எல்லையாகக் குறித்துவிடுங்கள். பறவைகள் பற்றியும் பத்திரத்தில் இப்போதே எழுதிவிட வேண்டும். பாபோலிங்க் என்ற புல்வெளிப் பறவை தரையில் கூடு கட்டும். ஜூலை நடுப்பகுதிக்கு முன் புல் அறுத்தால் குஞ்சுகள் மாளும். ஆனால் ஜூனில் அறுத்துக் காயவைத்த புல்லில்தான் புரதம் அதிகம். எந்த வயல் பறவைக்கு, எது மாட்டுக்கு என்று வரைபடத்திலேயே பிரித்துவிட்டால் பிறகு சண்டை இல்லை.

ஆப்பிள் தோட்டமாக இருந்த நிலம் என்றால் இன்னொரு எச்சரிக்கை. இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் லெட் ஆர்சனேட் பூச்சிமருந்தாகத் தெளிக்கப்பட்டது. ஈயமும் ஆர்சனிக்கும் இன்றும் மேல்மண்ணில் கிடக்கும். எண்ணெய்த் தொட்டி புதைந்திருக்கிறதா, பழைய குப்பைமேடு இருக்கிறதா என்பதையும் கையெழுத்துக்கு முன்பே பார்க்க வேண்டும்.

வயலைவிட வீடுகள்தான் தேவை என்ற வாதத்தையும் நான் ஒதுக்கவில்லை. வாடகை தாங்க முடியாமல் ஆசிரியர்களும் செவிலியர்களும் ஊரைவிட்டுப் போவது உண்மை. சாலை முகப்பில் இரண்டு மூன்று ஏக்கரைக் குறைந்த விலை வீடுகளுக்குப் பிரித்துக் கொடுத்து, பின்னால் உள்ள நல்ல மண்ணைக் காக்கலாம். பிரிசர்வேஷன் நிதியிலேயே வீட்டுக்கென்று ஒரு பங்கு கட்டாயம் உண்டு. முகப்பு எப்படியும் ஆபத்தில்தான் இருக்கிறது. ஏற்கெனவே உள்ள பொதுச்சாலையைப் பார்த்த மனைகளைப் பெரிய அனுமதி இல்லாமலே பிரித்துவிடலாம்.

ஆக்டன், வெஸ்ட்ஃபோர்டு போன்ற ஊர்களில் குடியுரிமை பெற்று வாக்காளராகப் பதிந்திருக்கும் தமிழ் நண்பர்களுக்கு: இது திறந்த ஊர்க்கூட்டம், நேரில் வந்து ஓட்டுப் போடுபவரின் ஓட்டுதான் எண்ணப்படும். மூன்றில் இரண்டு பங்கு தேவைப்படும் தீர்மானம் சில பத்து ஓட்டுகளில் விழுந்துவிடலாம். அன்றிரவு பள்ளி அரங்கத்துக்குப் போங்கள். மைக்கில் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: கட்டுப்பாட்டுப் பத்திரத்தை யார் வைத்திருப்பார்கள், பராமரிப்புப் பணம் எங்கிருந்து வரும், உழப்போவது யார்?