ஸ்பீக்கரைப் பற்றிக் கேட்காமல் வாட்ஸ் சொல்லாதீர்கள்

பாட்டுக் கேட்கும் நண்பர்களே, ஞாயிற்றுக்கிழமை ஆம்ப்ளிஃபையரின் வாட்ஸ், அதாவது சக்தி, போதாது என்று ஒரு தம்பியைக் கேலி செய்தீர்கள். அந்தத் தம்பியின் 40 வாட்ஸ் ஆம்ப்ளிஃபையரைப் பார்த்து "இதுல என்னத்தைக் கேக்குறது?" என்று சிரித்தீர்களே, அது இன்னும் எனக்கு ஆறவில்லை. ஒருவராவது "உன் ஸ்பீக்கர் சென்சிட்டிவிட்டி எவ்வளவுப்பா?" என்று கேட்டீர்களா?

அவன் ஸ்பீக்கர் 90 டெசிபல். அதாவது ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் 90 டெசிபல் சத்தம். 10 வாட்ஸுக்கு 100. அவனுடைய 40 வாட்ஸுக்கு 106. "குறைஞ்சது 200 வேணும்" என்று அடித்துச் சொன்னவரின் ஸ்பீக்கர் 84 டெசிபல். அதில் 200 வாட்ஸையும் முழுசாக இறக்கினால் 107. ஒரே ஒரு டெசிபல் வித்தியாசம்! இதற்காகத்தான் அந்தப் பையனைக் கூனிக் குறுக வைத்தீர்கள்.

வாட்ஸை இரண்டு மடங்காக்கினால் 3 டெசிபல்தான் கூடும். காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகப் படவே ஏறக்குறைய பத்து மடங்கு வாட்ஸ் வேண்டும். அதனால்தான் சொல்கிறேன், முதலில் ஸ்பீக்கரைப் பற்றிக் கேளுங்கள்.

என் மாமா ஊரில் மைக் செட் வைத்திருந்தார். கோயில் கொடைக்கு 30 வாட்ஸ் ஆம்ப்ளிஃபையர், புளியமரத்தில் கட்டிய கூம்பு ஸ்பீக்கர், அவ்வளவுதான். பாட்டு அடுத்த ஊர்வரை கேட்கும். கூம்பு ஒரு வாட்டுக்கே 105 டெசிபலுக்கு மேல் கொடுக்கும். மாமா எட்டாவதுகூடத் தாண்டவில்லை. ஆனால் எந்தக் கூம்புக்கு எந்த ஆம்ப் என்று அவருக்குத் தெரியும்.

"கூம்புல பேஸ் எங்க வரும்?" என்பீர்கள், அதாவது அந்த அடித்தொனி. வராது. நான் சொன்னது பேஸைப் பற்றி அல்ல.

"பீக் வரும்போது?" என்பது நியாயமான கேள்வி. நல்ல ரெக்கார்டிங்கில் தவில் அடி விழும் அந்த நொடி சராசரியைவிட 20 டெசிபல் எகிறலாம், அதற்கு நூறு மடங்கு வாட்ஸ் வேண்டும். ஆனால் வீட்டில் நிதானமாகக் கேட்கும்போது சராசரியாக ஓடுவது கால் வாட், அரை வாட். நூறால் பெருக்கினாலும் 25, 50. அரை வாட் கணக்குக்கு 40 சற்றே இடிக்கும், ஒத்துக்கொள்கிறேன். அவன் அறை பத்துக்குப் பன்னிரண்டு, அங்கே அரை வாட்டே அதிகம். பெரிய ஹாலில் 84 டெசிபல் ஸ்பீக்கர் வைத்திருப்பவர் 200 வாங்கட்டும், நானே கூட வந்து வாங்கித் தருகிறேன்.

"பெரிய ஆம்ப்ல ஒரு கம்பீரம் இருக்கும்ணே" என்பதற்கு என்னிடம் பதில் இல்லை. அது காசு இருப்பவர் பேச்சு. அந்தப் பையன் சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கிய செட் அது. இப்போது அதை விற்றுவிட்டு இஎம்ஐயில் 200 வாட்ஸ் எடுக்கப் போகிறானாம். நேற்று ராத்திரி போனில் சொன்னான், குரலே இறங்கிப் போயிருந்தது. இத்தனை வருடம் பாட்டுக் கேட்டு நாம் கற்றது இதுதானா? என்னைக் "காது போன பெரிசு" என்றதைக்கூட விட்டுவிடுகிறேன்.

தம்பி, ஆம்பை விற்காதே. மற்றவர்கள் டெசிபல் மீட்டரோடு என் வீட்டுக்கு வாருங்கள். அவன் செட்டை நானே கொண்டுவந்து வைக்கிறேன், அளந்துவிட்டுப் பேசுவோம்.