மறுபடியும் மொட்டைமாடி

ராத்திரி ஒன்பது மணிக்கு ஹாம் ரேடியோ முன்னால், 7 மெகாஹெர்ட்ஸில் வந்து உட்கார்ந்தால், எஸ்.டபிள்யூ.ஆர் (ஆன்டெனாவுக்கு அனுப்புவதில் எவ்வளவு திரும்பி வருகிறது என்று காட்டும் அளவு, 1 என்றால் உத்தமம்) 3-க்கு மேல். நேற்று வரை 1.2 காட்டிய அதே வெர்ட்டிகல், அதாவது செங்குத்து ஆன்டெனா! ஆன்டெனாவை ரேடியோவோடு இசைய வைக்கிற ட்யூனர் மொட்டைமாடியில், நான் கீழே. ஏறி மூடியைத் திறந்தால் உள்ளே எறும்புக் குடித்தனம், ரிலே என்கிற குட்டி மின்சுவிட்ச் மேல் முட்டை வேறு. துடைத்தேன். இறங்கினேன். அதே 3. திரும்ப ஏறினால், ட்யூனருக்காக கோஆக்ஸ் கேபிள் வழியே அனுப்புகிற 12 வோல்ட் அங்கே போய்ச் சேரும்போது 9! கனெக்டருக்குள் பச்சைக் களிம்பு. சுரண்டினேன். இறங்கினேன். ரிலே 'டிக் டிக்' என்று பல்லைக் கடிக்கிறதே தவிர நிற்கிற வழியைக் காணோம். மூன்றாம் தடவை டார்ச்சைச் சுற்றிலும் அடித்தால், ஆன்டெனாவின் மறுபாதியாக அதன் அடியிலிருந்து தரையில் விரித்து வைத்த ரேடியல் கம்பிகள் மொத்தமும் சுருட்டி, அழகாக முடிச்சுப் போட்டு மூலையில்! வடாம் காயப்போட இடைஞ்சலாம். யாரைத் திட்டுவது, வடாத்தையா?

"சும்மாதானேடா தரையில கெடந்துச்சு" என்கிறாள் அம்மா.