துரை கட்டிய ஆயாக் கொட்டகையும் நம் அடுக்குமாடிக் கீழ்த்தளமும்

பகல் ஒரு மணி வாக்கில் பள்ளி விடுகிறது. தாய் வேலை முடிந்து, ரயில் மாறி, வீடு வந்து சேர ஏழு மணி ஆகிவிடுகிறது. இடையில் உள்ள நேரத்தில் பிள்ளை யார் பொறுப்பு? கேட்டால் எல்லாரும் பெற்றோரைத்தான் கைகாட்டுகிறார்கள். கோலாலம்பூரில் அது மாநகர் மன்றத்தின் பொறுப்பும்தான் என்பது என் வாதம். வடிகாலுக்கும் தெருவிளக்குக்கும் பணம் ஒதுக்குவது போல் இதற்கும் ஆண்டுதோறும் ஒதுக்க வேண்டும்.

இது ஏதோ வெளிநாட்டு மோகம் என்பவர்கள் தங்கள் வீட்டுப் பாட்டியைக் கேட்டுப் பார்க்கட்டும். ரப்பர் தோட்டங்களில் ஆயாக் கொட்டகை இருந்தது. விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, போகும் பெண்கள் கைக்குழந்தையை அங்கே விட்டுவிட்டுத்தான் பால் வெட்டப் போனார்கள். தோட்ட நிர்வாகமே அந்த வசதியைச் செய்து தரவேண்டும் என்று சட்டமும் இருந்தது. தோட்ட மேலாளரான துரைக்கு நம் பிள்ளைகள்மேல் பாசம் பொங்கியது என்று யாரும் ஏமாற வேண்டாம். தாய் வராவிட்டால் ரப்பர் மர நிரையில் ஆளில்லை, ஆளில்லாவிட்டால் பாலில்லை. அவ்வளவுதான் அவர் கணக்கு. அந்தக் கொட்டகைகளைப் பற்றி இனிக்க இனிக்கப் பேசவும் எனக்கு மனமில்லை. வரிசையாகத் தொங்கும் தூளிகளும் அவற்றுக்கு நடுவே ஓடியாடிக் களைத்துப்போன ஒரு கிழவியும்தான் பல இடங்களில் மொத்த ஏற்பாடு. ஆனாலும் ஒரு பெண்ணின் உழைப்பு வேண்டுமென்றால் அவள் பிள்ளைக்கு இடம் தரவேண்டும் என்பது துரைக்கே தெரிந்திருந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு நாம் நகரத்துக்கு வந்தோம். அந்தப் பெண்களின் பேத்திகள் இன்று ஜாலான் துன் ரசாக் கட்டடங்களைத் துடைக்கிறார்கள், பேரங்காடிகளில் கல்லாவில் நிற்கிறார்கள். கொட்டகை மட்டும் கூட வரவில்லை.

தனியார் மையங்கள் இருக்கின்றனவே என்பார்கள். சரி, கணக்குப் போடுவோம். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகள் மூவருக்கு ஒரு பராமரிப்பாளர் இருக்க வேண்டும் என்பது பதிவுபெற்ற தாஸ்காக்களுக்கான, அதாவது குழந்தைப் பராமரிப்பு மையங்களுக்கான, விதி. நல்ல விதி, அதைத் தளர்த்தக் கூடாது. 2025 முதல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட். மூன்று குடும்பங்கள் பகிர்ந்தால் தலைக்கு 567 ரிங்கிட். வாடகை, மின்சாரம், சாப்பாடு எதுவும் இதில் சேரவில்லை. அதே 1,700 ரிங்கிட் வாங்கும் தாய் அதை எப்படிக் கட்டுவாள்? மைய உரிமையாளர் பேராசைக்காரர் என்று திட்டிப் பயனில்லை. பொதுப்பணம் உள்ளே வராமல் இந்தக் கணக்கு ஒருநாளும் நேராகாது. நேராகாதபோது பராமரிப்பாளரின் சம்பளம் அடிபடும், அல்லது தாய் வேலையை விடுவாள். ஆண்களில் நூற்றுக்கு 83 பேர் தொழிலாளர் சந்தையில் இருக்கும் நாட்டில் பெண்கள் 56 பேர்தான் இருக்கிறார்கள் என்றால் வியப்பென்ன?

பள்ளிப் பிள்ளையின் நிலை இன்னும் மோசம். 1984ஆம் ஆண்டுப் பராமரிப்பு மையச் சட்டம் நான்கு வயதுக்குட்பட்டவர்களுக்கானது. பள்ளி விட்டதும் ஏழு வயதுப் பிள்ளை போய்த் தங்கும் 'டிரான்சிட்' மையம் அதில் அடங்காது. ஆனால், பிள்ளையைத் தக்க மேற்பார்வையின்றி விட்டுப்போனால் 2001ஆம் ஆண்டுச் சிறார் சட்டத்தின் 33ஆம் பிரிவு பெற்றோர்மேல் பாயும். அபராதம் உண்டு, சிறையும் உண்டு. விட்டுப்போக இடம் தராத அரசு, விட்டுப்போனால் தண்டிக்க மட்டும் ஆயத்தமாக இருக்கிறது.

வரிக்கழிவு தருகிறார்களே என்று நண்பர் ஒருவர் கேட்டார். வருமான வரி கட்டுமளவுக்குச் சம்பளம் வாங்குபவருக்கு அது நல்ல செய்தி. துப்புரவுப் பணியாளருக்கு அதில் ஒரு சென்னும் இல்லை.

பாட்டி பார்த்துக்கொள்ளட்டும் என்பது இன்னொரு வாதம். பாட்டி தொலைவில், பேராக்கின் சுங்கை சிப்புட்டில் இருக்கிறார். இல்லையென்றால் அவரும் இங்கே எங்கோ பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கிறார்.

மாநகர் மன்றத்திடம் பணமில்லையா? அதன் ஆண்டு வரவுசெலவு 2 பில்லியன் ரிங்கிட்டுக்கு மேல். 'கோகேஎல்' நகரப் பஸ்ஸைக் கட்டணமில்லாமல் ஓட்டத் தெரிந்த மன்றம்தான் இது. பிபிஆர் எனப்படும் மலிவு வாடகை அடுக்குமாடி வீட்டை மாதம் 124 ரிங்கிட்டுக்கு வாடகைக்கு விடுவதும் அதுவே. வீட்டு வாடகை 124, இரண்டு பிள்ளைகளுக்கு டிரான்சிட் கட்டணம் 700 என்று கட்டும் ஒரு குடும்பத்தை எனக்குத் தெரியும். இந்த விந்தையை எந்த அதிகாரியிடம் விளக்கச் சொல்வது?

பெரிய கட்டடம் எதுவும் தேவையில்லை. பிபிஆர் அடுக்குமாடிகளின் கீழ்த்தளத்தில் மண்டபம் இருக்கிறது. பெரும்பாலான நாள்களில் பூட்டித்தான் கிடக்கிறது. அதைத் திறந்து, விளக்கும் மின்விசிறியும் போட்டு, அதே அடுக்குமாடியில் வசிக்கும் பெண்களுக்குப் பயிற்சியும் ஒழுங்கான சம்பளமும் தரலாம். மதியச் சோறு, வீட்டுப்பாடம், கொஞ்சம் விளையாட்டு. வாடகையோடு சேர்த்து ஒரு சிறு தொகை வாங்கினாலும் யாரும் முணுமுணுக்க மாட்டார்கள். தயவுசெய்து திறப்பு விழாவுக்கு ஓர் அமைச்சரை அழைத்துவிட்டு மூன்றாம் மாதம் மூடிவிடாதீர்கள்.

இதை ஏன் யாரும் கேட்பதில்லை என்றால், கேட்க வேண்டிய நாற்காலியே நமக்கில்லை. நாட்டில் உள்ளாட்சித் தேர்தல் 1965இல் நிறுத்தப்பட்டது, கோலாலம்பூரில் அதற்கும் முன்பே; பிறகு திரும்பவே இல்லை. மாநகர் மேயரான டத்தோ பண்டார் நியமிக்கப்படுபவர். கோலாலம்பூர்வாசிக்குச் சட்டமன்ற உறுப்பினரும் கிடையாது, நாடாளுமன்றத்துக்கு மட்டும்தான் ஓட்டு. ஆக, நம் கையில் இருப்பது பதினொரு எம்பிக்கள். தீபாவளிக்கு அரிசி மூட்டையோடு படம் எடுக்க அவர்கள் கீழ்த்தளத்துக்கு வருவார்கள். வரும்போது மூட்டையை வாங்கிக்கொள்ளுங்கள், தவறில்லை. அப்படியே அந்த மண்டபத்தின் சாவி யாரிடம் இருக்கிறது, அடுத்த ஆண்டு வரவுசெலவில் இதற்கு எவ்வளவு கேட்டு வாங்கப் போகிறார்கள் என்று எல்லார் முன்னிலையிலும் கேளுங்கள்.