போர்னா அப்படித்தான் என்று சொல்லாதீர்கள்

"போர்னா நாலு பேர் சாகத்தான் செய்வாங்க" என்று யாராவது எழுதினால் எனக்கு உடனே நினைவுக்கு வருவது ஓர் அரபு எழுத்து. நூன். ஒரு கிண்ணம், அதன் மேலே ஒரு புள்ளி.

2014 ஜூன் 10 அன்று ஈராக்கின் மொசூல் நகரம் ஐ.எஸ். கையில் விழுந்தது. தன்னை 'இஸ்லாமிய அரசு' என்று அழைத்துக்கொண்ட சுன்னி தீவிரவாத அமைப்பு அது. அடுத்த மாதமே கிறிஸ்தவர்களின் வீட்டுச் சுவர்களில் அந்த எழுத்தைப் பெயின்டால் எழுதினார்கள். நஸ்ரானி, அதாவது கிறிஸ்தவர் என்ற சொல்லின் முதல் எழுத்து. கூடவே, இது இஸ்லாமிய அரசின் சொத்து என்று ஒரு வரி. ஷியா முஸ்லிம்களின் வீடுகளுக்கு வேறு எழுத்து. கிறிஸ்தவர்களுக்கு வந்த உத்தரவு இது: மதம் மாறு, வரி கட்டு, ஊரை விட்டுப் போ, இல்லையென்றால் வாள். ஜூலை 19 நண்பகல் வரை கெடு. கிளம்பியவர்களிடமும் சோதனைச் சாவடியில் நிறுத்திப் பணம், நகை, கல்யாண மோதிரம் வரை பிடுங்கிக்கொண்டார்கள்.

ஒரு குண்டு குறி தவறி ஒரு வீட்டின் மேல் விழலாம். அதுவே கொடுமைதான். ஆனால் பெயின்ட் டப்பாவோடு தெருத்தெருவாக நடந்து எந்த வீட்டில் எந்த மதம் என்று குறித்துவைப்பது சண்டையில் சேர்த்தி இல்லை. சண்டை முடிந்து, எதிர்க்க ஆளில்லாத ஊரில், நிதானமாக உட்கார்ந்து செய்த வேலை அது.

ஆகஸ்ட் 3 அன்று சிஞ்சார். வட ஈராக்கில் யாசிதிகள் என்ற சிறுபான்மை மதத்தினர் வாழும் பகுதி. காவலுக்கு இருந்த குர்துப் படை ஊருக்குச் சொல்லாமலேயே பின்வாங்கிவிட்டது. பல்லாயிரம் யாசிதிகள் மலைமேல் ஏறினார்கள். தண்ணீர் இல்லாமல் குழந்தைகள் செத்தன. மலைக்கு ஓட முடியாத கோச்சோ கிராமத்தைச் சுற்றி வளைத்து, ஆகஸ்ட் 15 அன்று எல்லாரையும் பள்ளிக்கூடத்துக்கு வரச் சொன்னார்கள். பெண்களும் குழந்தைகளும் மாடியில், ஆண்கள் கீழே. போனையும் நகையையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். ஆண்களை வண்டிகளில் ஏற்றி ஊருக்கு வெளியே கொண்டுபோய்ச் சுட்டார்கள். சிறுவர்களைக் கையைத் தூக்கச் சொல்லி அக்குளில் முடி இருக்கிறதா என்று பார்த்தார்கள் என்று பிழைத்து வந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். முடி இருந்தால் ஆண்களோடு போ. இல்லாவிட்டால் ஐ.எஸ். பயிற்சி முகாம். இளம்பெண்களை அடிமைகளாக விற்றார்கள். விற்க முடியாது என்று அவர்கள் நினைத்த வயதான பெண்களைக் கொன்று புதைத்தார்கள்.

அந்த அக்குள் சோதனையை என்னால் கடந்து போகவே முடியவில்லை. ஒரு பையன் கையைத் தூக்கி நிற்கிறான். எதற்கென்று அவனுக்குத் தெரியாது.

இதை எழுதினால் "அந்த மதமே அப்படித்தான்" என்று சிலர் வந்து நிற்பார்கள். அவர்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். மொசூல் விழுந்த அன்றே பக்கத்திலிருந்த பாதுஷ் சிறையிலிருந்து கைதிகளைப் பிரித்து நூற்றுக்கணக்கில் கொன்றார்களே, அவர்களில் பெரும்பாலோர் ஷியா முஸ்லிம்கள். கோச்சோவில் பிறந்து, அடிமையாக விற்கப்பட்டு, 2018இல் அமைதிக்கான நோபல் பரிசு பெற்ற நாடியா முராத்தை மொசூலிலிருந்து தப்ப வைத்ததும் ஒரு சுன்னி முஸ்லிம் குடும்பம். மாட்டினால் தலை போகும் என்று தெரிந்தேதான் கதவைத் திறந்தார்கள். கொன்றவனின் மதத்தை வைத்து ஒரு சமூகத்துக்கே முத்திரை குத்துகிறவர்கள் கையிலும் அதே பெயின்ட் டப்பாதான் இருக்கிறது.

இது இனப்படுகொலை என்று 2016இலேயே ஐ.நா. விசாரணைக் குழு சொல்லிவிட்டது. ஆனாலும் யாசிதிகளுக்கு எதிரான இனப்படுகொலைக்கு ஒரு நீதிமன்றம் முதன்முதலாகத் தண்டனை கொடுத்தது 2021 நவம்பரில், அதுவும் ஜெர்மனியின் பிராங்பர்ட்டில். அடிமையாக வாங்கிய 5 வயதுச் சிறுமி படுக்கையை நனைத்துவிட்டாள் என்று ஈராக்கின் பலூஜா நகரத்தில் கொளுத்தும் வெயிலில் ஜன்னலில் கட்டிப்போட்டுச் சாக விட்ட ஐ.எஸ்.காரனுக்கு ஆயுள் தண்டனை. சாட்சிக் கூண்டில் நின்றவர் அவளுடைய தாய். மகள் செத்ததை அவர் அந்நிய நாட்டில், அந்நிய மொழிக்காரர்கள் முன்னால், நாள்கணக்கில் விவரிக்க வேண்டியிருந்தது.

கோச்சோவில் புதைகுழிகளைத் தோண்டத் தொடங்கியது 2019இல். 2021 பிப்ரவரியில்தான் அடையாளம் தெரிந்த 104 பேரை ஊருக்குக் கொண்டுவந்து முறையாக அடக்கம் செய்தார்கள். கடத்தப்பட்ட சுமார் 6,400 பேரில் 2,500க்கும் மேற்பட்டோர் இன்னும் திரும்பவில்லை. சின்ன வயதில் தூக்கிச் செல்லப்பட்டவர்களில் மீண்டு வந்த பலருக்குத் தாய்மொழியே மறந்துவிட்டது. பெற்றவள் கூப்பிடும் பெயர் யாருடையது என்று அவர்களுக்குத் தெரியவில்லை.