தேடலில் வராததெல்லாம் நூலில் இல்லாதது ஆகிவிடாது

"மின்நூலில் 'கசடு' என்று தேடினேன், ஒன்றுமே வரவில்லை, ஆக குறளில் அந்தச் சொல்லே கிடையாது" என்று எழுதியிருக்கிறீர்கள். இல்லைங்க. 391ஆம் குறளை எடுத்துப் பாருங்கள், 'கற்க கசடறக் கற்பவை'. 'கசடு', 'அற' இரண்டும் புணர்ந்ததில் 'கசடு'வின் கடைசி உகரம் போய்விட்டது, கணினிக்கு நன்னூல் சொல்லும் புணர்ச்சி இலக்கணமா தெரியும், எழுத்தை எழுத்தோடு பொருத்திப் பார்க்கும், அவ்வளவுதான். 'கசட' என்று தேடுங்கள், வந்துவிடும். 'முதல்' என்று தேடினால் முதல் குறளே சிக்காது, அங்கே இருப்பது 'முதல', 'முதற்றே'.

அப்புறம், தமிழ் நூல்களை இணையத்தில் இலவச மின்நூலாகத் தரும், 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் கோப்புகள் தன்னார்வலர்கள் உழைப்பில் வந்தவை; சீர் பிரித்த பாடம், அதாவது சொல் எல்லையைப் பார்க்காமல் செய்யுளின் ஓசைக்கு ஏற்பப் பிரித்து எழுதியது என்றால் 'யாதும் ஊரே' என்பது 'யாது மூரே' என்று நிற்கும். ஆய்வேட்டில் 'இல்லை' என்று எழுதும்முன் அச்சுப் பதிப்பையும் ஒருமுறை புரட்டிவிடுங்கள்.