ஹாம்லெட் படிக்காத பேராசிரியர்

பல்கலைக்கழகத்தைக் களமாகக் கொண்ட நாவல்களைப் பற்றி ஒரு கட்டுரை படித்தேன். அவை பேராசிரியர்களைக் கோமாளிகளாக்குவதோடு சரி, அறம் பக்கமே போவதில்லை என்கிறார் கட்டுரையாளர். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆங்கில நாவலாசிரியர் டேவிட் லாட்ஜ் 1975இல் எழுதிய ‘சேஞ்சிங் பிளேசஸ்’ நாவலில் ஒரு விளையாட்டு வரும். தான் படிக்காத புத்தகத்தின் பெயரைச் சொல்ல வேண்டும். கூட ஆடுபவர்களில் எத்தனை பேர் அதைப் படித்திருக்கிறார்களோ அத்தனை புள்ளி. தோற்கவே பிடிக்காத ஆங்கில இலக்கியப் பேராசிரியர் ஒருவர் ஷேக்ஸ்பியரின் ‘ஹாம்லெட்’ என்று போட்டு உடைக்கிறார். ஆட்டத்தில் ஜெயம், வேலை போச்சு! வாயை மூடிக்கொண்டிருந்தால் பிழைத்திருப்பார். உண்மையைச் சொன்னதற்குத்தான் தண்டனை என்பது சிரித்து முடித்த பிறகுதான் உறைக்கிறது.

இந்த வகை நாவல்கள் பலவற்றில் மாணவிகள் வாத்தியாரின் சபலத்துக்குத் தீனியாக மட்டும் வந்து போகிறார்களே, அதைக் கட்டுரையாளர் கேட்டிருக்கலாம்.